குழந்தைகளின் நடைக்கேற்ப



வெளிநாட்டில் வாழும் மகனையோ மகளையோ கண்டுவரக் கோடைக் காலத்தில் விமானம் ஏறும் தாத்தா பாட்டியர் இன்று நம் பங்குகளில் பலர் உளர். அவர்கள் திரும்பி வந்ததும் கோயில் வாசலில் கேட்கப்படும் முதற் கேள்வி, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதே. "யார் யாருடன் இருந்தீர்கள்?" என்று கேட்பவர் அரியர். நாமும் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது முதற் கேள்விக்குப் பன்முறை விடை கூறினோம். கேட்கப்படாத இரண்டாம் கேள்விக்குரிய விடையை இம்மாதம் இப்பகுதியில் எழுத விரும்புகிறோம்.

2024-ஆம் ஆண்டு மே மாதம், அட்லாண்டா நகரில் நம் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். பேத்திக்கு வயது மூன்று முடிந்து நான்கு மாதம். பேரனுக்கு இருபது மாதம். ஒரு நாள் இரவு நம் பழைய நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் நாமும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திருச்சிராப்பள்ளியில் கல்லூரி விடுதியின் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள். ஒரு சோப்புக் கட்டியை இரண்டாக வெட்டிப் பகிர்ந்துகொண்ட காலம் அது. பின்னர் அவர் பொறியாளராகி அமெரிக்கா சென்று, ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் நிலைகொண்டார். இரண்டாண்டுகளுக்கு முன் மனைவியை இழந்தார். அவருக்கு ஒரே மகன், மருமகள், இரண்டரை வயதுப் பேரன்.

"இத்தனை ஆண்டு கழித்து வந்திருக்கிறாய். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆர்லாண்டோவுக்கு வந்துவிடு. நான் என் பேரனோடு வருகிறேன். டிஸ்னி பூங்காவில் மூன்று நாள். ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு" என்றார்.

நம் துணைவியாருக்குத் தயக்கம். "இந்தச் சிறு பிள்ளைகளுக்கு அங்கே என்ன தெரியும், அண்ணா? வளர்ந்தபின் ஒன்றும் நினைவில் இராதே!" என்று கேட்டார்.

"நினைவில் இராவிட்டால் என்ன, தங்கச்சி? படம் இருக்குமே!" என்று நண்பர் சிரித்தார். அச்சொல்லின் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை.

அந்தப் பூங்காவின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். வால்ட் டிஸ்னி என்பவர் கேலிச்சித்திரத் திரைப்படங்களால் உலகப் புகழ் பெற்றவர். அவருக்குப் புதல்வியர் இருவர். சனிக்கிழமை தோறும் அவர்களை வெளியே அழைத்துச் செல்வது அவர் வழக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் பெண்கள் குடை இராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தந்தையார் பெஞ்சில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்தவண்ணம் பார்த்துக்கொண்டிருப்பாராம். பிள்ளைகள் மட்டும் விளையாடப் பெற்றோர் வாளா அமர்ந்திருக்க வேண்டியதுதானா, இரு சாராரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டாமா என்னும் எண்ணம் அங்கேதான் தோன்றியது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அதன் பயனாக 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது.

அதனினும் பெரியதொன்றை அமைக்க 1960-களில் ஃபுளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் வாங்கப்பட்டது. ஆயின் அதைக் காண அவர் உயிரோடு இல்லை. 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் காலமானார். ஓய்வு பெற எண்ணியிருந்த அவருடைய தமையனார் ராய் டிஸ்னி, தம் ஓய்வைத் தள்ளிவைத்துவிட்டு, தம்பியின் கனவை முடிக்க முன்வந்தார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு "டிஸ்னி உலகம்" என்று மட்டும் பெயரிடாமல், தம்பியின் பெயரையும் சேர்த்து "வால்ட் டிஸ்னி உலகம்" என்றே வழங்க வேண்டும் என அவர் வற்புறுத்தினார். அதே ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் அவரும் மறைந்தார். ஒரு தந்தையின் ஏக்கத்திலே பிறந்து, ஓர் அண்ணனின் பாசத்திலே நிறைவேறிய இடம் அது. பல கோடி டாலர் புரளும் வணிக நிலையமாக இன்று அது விளங்குவதை நாம் மறுக்கவில்லை. எனினும் அதன் வேரில் ஒரு குடும்பம் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ஏறக்குறைய ஏழு மணி நேரம் காரில் பயணம் செய்து, ஆர்லாண்டோவை அடுத்த கிஸ்ஸிமி என்னும் ஊரில் நண்பர் எடுத்திருந்த வாடகை வீட்டை அடைந்தோம். நம் மகளும் மருமகனும் உடன் வந்தனர். நண்பர் மருமகளையும் பேரனையும் அழைத்து வந்திருந்தார். மகனைக் காணோம். "அவனுக்கு வேலை. விடுப்புக் கிடைக்கவில்லை" என்று சுருக்கமாகச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. ஆர்லாண்டோவில் அகில உலக அரசியாம் மரியன்னையின் தேசியத் திருத்தலம் உள்ளது. சுற்றுலாப் பயணிகளின் ஆன்ம நலனைக் கவனிக்க 1975-ஆம் ஆண்டு அம்மறைமாவட்டம் ஒரு குருவானவரை நியமித்தது. அவர் தொடங்கிய பணியே வளர்ந்து இந்த ஆலயமாயிற்று. 2009-இல் இது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. தனக்கென்று பங்கு மக்கள் இல்லாமல், வந்து போவோருக்காகவே கதவு திறந்திருக்கும் பேராலயம். திருப்பலி நேரத்தில் எங்கும் குழந்தைகளின் அழுகுரல். எவரும் முகம் சுளிக்கவில்லை. அதைக் கண்டபோதே நாம் பாடம் கற்றிருக்கலாம், கற்கவில்லை.

அன்று மாலை நண்பர் நான்கு பக்க அட்டவணை ஒன்றை விரித்தார். திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வாயில், ஒன்பதுக்கு இது, ஒன்பதே முக்காலுக்கு அது என்று இரவு வாணவேடிக்கை வரை இருபத்தொரு காட்சிகள் குறிக்கப்பட்டிருந்தன. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் நூறு டாலருக்கும் மேல். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மூன்று முதல் ஒன்பது வயது வரை உள்ளோருக்குச் சிறிதே குறைவு. "கொடுத்த பணத்திற்குப் பார்த்துவிட வேண்டாமா?" என்பது நண்பரின் வாதம். எதிர்த்துப் பேச நமக்கு நா எழவில்லை. ஏற்பாடு செய்தவர் அவரல்லவா?

திங்கள் காலை மேஜிக் கிங்டம் என்னும் பூங்காவிற்குச் சென்றோம். கார் நிறுத்துமிடத்திற்கும் பூங்காவிற்கும் இடையே மனிதர் வெட்டிய பெரிய ஏரி ஒன்று உண்டு. படகிலேனும் மோனோ ரயிலிலேனும் அதைக் கடந்து செல்ல வேண்டும். நாம் படகில் ஏறினோம். நம் பேரன் படகின் கம்பியைப் பற்றிக்கொண்டு, நீர் விலகி ஓடுவதைக் கண்டு கூவினான். நண்பரின் பேரன் கரையிலிருந்த பறவையைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான். படகு அக்கரை சேர்ந்ததும் இருவரும் இறங்க மறுத்துவிட்டனர்.

"அட, இது பூங்காவே இல்லையப்பா! இன்னும் உள்ளேயே போகவில்லை. வா, வா!" என்று நண்பர் பேரனைத் தூக்கிக்கொண்டு விரைந்தார். கூவிக்கொண்டிருந்த குழந்தை அழத் தொடங்கியது. அன்றைய முதல் அழுகை அது.

உள்ளே 189 அடி உயரமுள்ள சிண்டரெல்லா கோட்டை வானளாவி நின்றது. பெரியவர்களாகிய நாம் வாய்பிளந்து நின்றோம். குழந்தைகளோ கீழே ஊர்ந்த எறும்பு வரிசையைக் கண்டு குந்தி அமர்ந்துவிட்டனர். டம்போ என்னும் பறக்கும் யானையில் ஏறினோம். மழலைகள் அதை விரும்பினர். இன்னொரு முறை ஏற வேண்டும் என்றனர். அட்டவணை இடம் தரவில்லை. ஒவ்வோர் இடத்திலும் நண்பர் கைப்பேசியை நீட்டி, "இங்கே பார், சிரி!" என்று படம் எடுத்து, உடனே எவருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். இதற்கிடையே ஒரு குழந்தைக்குப் பால் வேண்டும், மற்றொன்றுக்கு டயப்பர் மாற்ற வேண்டும், மூன்றாவது தள்ளுவண்டியில் அமர மறுக்கும். பன்னிரண்டு மணிக்குள் அட்டவணை ஒன்றரை மணி நேரம் பின்தங்கிவிட்டது. நண்பரின் முகம் சிவந்து வந்தது. வெயிலும் ஏறி வந்தது.

பகல் ஒன்றரை மணி. வீட்டில் இருந்திருந்தால் மூன்று குழந்தைகளும் உறங்கும் நேரம். நண்பரோ பேய் மாளிகை என்னும் காட்சியின் முன் நின்று, "இதற்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. அப்படியானால் குழந்தைகளுக்கும் உரியது என்றுதானே பொருள்?" என்றார்.

அவர் கூறிய விதி மெய்யானதே. அங்கே வேகமாகச் செல்லும் ஊர்திகளுக்கு உயர வரம்பு உண்டு. ஏழு குள்ளர் சுரங்க ரயிலுக்கு 38 அங்குலமும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலமும் இருத்தல் வேண்டும். பேய் மாளிகைக்கு வரம்பில்லை. ஆயின் அந்த அளவுகோல் உடலின் பாதுகாப்பைக் கருதியது. குழந்தையின் உள்ளம் எதைத் தாங்கும் என்று அளக்க எந்த வாயிலிலும் அளவுகோல் நட்டு வைக்கப்படவில்லை. அதைத் தாயும் தந்தையும் தாத்தாவும் பாட்டியுமே அளந்தறிதல் வேண்டும்.

முதல் அறையிலேயே கதவுகள் மூடிக்கொண்டன. சுவர்கள் மேலே நீண்டன. விளக்குகள் அணைந்து இடி முழங்கிற்று. விளையாட்டுப் பேய்தான், வளர்ந்த பிள்ளைகள் சிரித்தனர். நண்பரின் பேரனோ உடல் விறைத்து, மூச்சு அடைபடும் அளவுக்கு வீறிட்டு அழுதான். அவன் அழுகை கேட்டு மற்ற இருவரும் அழுதனர். பணியாளர் ஒருவர் எங்கள் நிலை கண்டு, அமைதியாக வேறு வழியே வெளியேற்றிவிட்டார்.

வெளியே வந்தும் அழுகை ஓயவில்லை. நண்பர் குழந்தையைத் தோளில் தட்டியவாறே, "இப்போது சரியாகிவிடும். அடுத்தது இரண்டு மணிக்கு..." என்று தொடங்கினார். நாம் பொறுமை இழந்தோம்.

"நீ பேரனுக்காக வந்தாயா, அட்டவணைக்காக வந்தாயா?" என்று கேட்டுவிட்டோம்.

"இத்தனை செலவு செய்து வந்தது தூங்குவதற்கா?" என்று அவர் குரலை உயர்த்தினார். பின் நம் மகளையும் மருமகனையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "உனக்கென்ன, உன் பிள்ளைகள் உன்னோடு வந்திருக்கிறார்கள்" என்றார்.

நாற்பத்தைந்து ஆண்டு நட்பில் அத்தகைய குரலை நாம் கேட்டதில்லை. நாமும் அத்தகைய சொல்லை அவரிடம் சொன்னதில்லை.

பெண்கள் நம்மினும் அறிவுடையவர்கள். இருவர் சண்டையையும் பொருட்படுத்தாது, குழந்தைகளை அழைத்துக்கொண்டு பூங்காவின் முகப்புக்கருகே உள்ள குழந்தைப் பராமரிப்பு நிலையத்திற்குச் சென்றுவிட்டனர். பாலூட்டத் தனியிடம், துணி மாற்ற மேசை, உணவு சூடாக்கக் கருவி, சிறு பிள்ளைகளுக்கேற்ற சிறு கழிப்பறை ஆகியவை அங்கு உண்டு. குளிர்ந்த அறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச் சோற்றை உண்டு, மூவரும் தள்ளுவண்டியிலேயே உறங்கிவிட்டனர். மூன்று மணிக்கு ஃபுளோரிடாவின் கோடை மழை இடியுடன் பொழிந்தது. மழை விட்டதும் எவரும் எவரோடும் பேசாமல் வீடு திரும்பினோம். இருபத்தொன்றில் ஆறு முடிந்திருந்தது.

அன்றிரவு குழந்தைகள் உறங்கியபின், வீட்டின் பின்புறத்தில் நண்பர் தனியே அமர்ந்திருந்தார். நாம் அருகே சென்று அமர்ந்தோம். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவரே தொடங்கினார்.

"என் மகனுக்கு நான்கு வயதில் இதே பூங்காவிற்கு வந்தோம். வந்த அன்றே அலுவலகத்தில் ஏதோ சிக்கல். பொதுத் தொலைபேசியின் முன் நின்றவன், பகல் முழுவதும் அங்கேயே நின்றேன். அவன் அம்மாதான் அவனை அழைத்துக்கொண்டு சுற்றினாள். வீட்டில் இன்றும் அந்தப் படங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் நான் இல்லை. இன்று அவனை அழைத்தேன். வேலை இருக்கிறதாம். நான் கற்பித்த பாடத்தை அவன் நன்றாகக் கற்றுக்கொண்டான். அதனால்தான் எல்லாவற்றையும் படமெடுத்து அவனுக்கு அனுப்புகிறேன். அவன் ஒன்றையும் இழந்துவிடக் கூடாது என்று."

இப்போதுதான் அந்த அட்டவணையின் பொருள் நமக்கு விளங்கிற்று. காசின் கணக்கென்று நாம் கருதியது கழிந்த காலத்தின் கணக்கு. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட கடனை மூன்று நாளில் அடைத்துவிட முயன்ற ஒரு தந்தையைப் பார்த்து, "எதற்காக வந்தாய்?" என்று கேட்டுவிட்டோமே என்று நாணினோம். மன்னிப்பு வேண்டினோம். அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார்.

அவ்வேளையில் தொடக்க நூலின் ஒரு காட்சி நம் நினைவிற்கு வந்தது. யாக்கோபும் ஏசாவும் நெடுங்காலப் பிரிவிற்குப் பின் சந்தித்துக் கட்டித் தழுவிக்கொள்கின்றனர். சேர்ந்தே புறப்படலாம் என அண்ணன் அழைக்கிறான். தம்பியோ, பிள்ளைகள் சிறியவர்கள், மந்தையில் பால் கொடுக்கும் ஆடுமாடுகளும் உள்ளன, ஒரே நாள் விரட்டினாலும் தாங்கா, ஆதலால் நீர் முன்னே செல்லும், நான் குழந்தைகளின் நடைக்கேற்ப மெல்ல வருவேன் என்று பணிவுடன் மறுக்கிறான். எத்தனை முறை வாசித்திருப்போம்! நெடுநாள் பிரிந்தவர்களின் சந்திப்பில்கூட, வேகத்தை வகுக்க வேண்டியது சிறு கால்களே என்னும் உண்மை அன்றுதான் உறைத்தது.

நண்பரிடம் அதைச் சொன்னோம். "படம் அனுப்பாதே. அவனையே அழைத்துப் பேசு. வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். அந்தத் தொலைபேசிக் கதையை மட்டும் சொல்" என்றோம். அவர் எழுந்து உள்ளே சென்றார். முக்கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கும் செல்லவில்லை. குழந்தைகள் குளத்தங்கரையில் வாத்துகளுக்குப் பெயரிட்டு விளையாடினர். அன்று மாலை டாம்பாவிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. நண்பரின் மகன் இறங்கினார். தந்தையும் மகனும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மகன் தந்தையின் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார், அவ்வளவே.

புதன்கிழமை மீண்டும் பூங்காவிற்குச் சென்றோம், அட்டவணை இன்றி. படகில் நின்று பறவைகளைப் பார்த்தோம். பூங்காவைச் சுற்றி ஒன்றரை மைல் ஓடும் நீராவி ரயிலில் இரு முறை வலம் வந்தோம். அந்த எஞ்சின்கள் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் உழைத்து ஓய்ந்தபின் இங்கே கொண்டுவரப்பட்டவையாம். ஓய்வு பெற்ற கிழவர்கள் குழந்தைகளைச் சுமந்து செல்கிறார்கள் என்று நண்பர் நகைத்தார். "சின்ன உலகம்" என்னும் படகுச் சவாரிக்குச் சென்றோம். 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் யூனிசெஃப் அமைப்பைப் போற்றும் வகையில் முதலில் அமைக்கப்பட்ட காட்சி அது. பல நாட்டு உடையணிந்த பொம்மைகள் பாடி ஆடுவதைக் கண்டு மூன்று மழலைகளும் கைதட்டினர். சுரங்க ரயிலுக்கு நம் பேத்தியின் உயரம் ஒரு விரற்கடை போதவில்லை. ஒருவர் குழந்தையுடன் நிற்க மற்றவர் ஏறிவர, பின் முழு வரிசையில் நில்லாமலே மற்றவரும் மாறிச் செல்லலாம் என்னும் வசதி அங்கு உண்டு. இளையவர்கள் அவ்வாறே மாறி மாறிச் சென்று வந்தனர்.

இறுதியாகக் குடை இராட்டினம். 1917-இல் மரத்தால் செய்யப்பட்டு, நியூ ஜெர்சியில் ஒரு பூங்காவில் பல்லாண்டு சுழன்று, பின் இங்கு வந்து சேர்ந்த பழம்பெரும் இராட்டினம் அது. நண்பரின் பேரன் வெள்ளைக் குதிரையில் அமர்ந்தான். ஒருபுறம் அவன் தந்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மறுபுறம் நண்பர் நின்றார். இராட்டினம் சுழன்று எங்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மூவரும் கையசைத்தனர். நாமும் துணைவியாரும் எதிரே பெஞ்சில் அமர்ந்து பார்த்திருந்தோம். அன்று நண்பரின் கைப்பேசி சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்துவிட்டோம். அன்று எத்தனை காட்சி பார்த்தோம் என்று எண்ணினால் ஐந்தைத் தாண்டாது.

அன்பான பெற்றோரே, பெரியோரே, இப்பயணத்தில் நாம் பட்டறிந்த சிலவற்றை உங்களுக்குப் பயன்படும் எனக் கருதித் தருகிறோம்.

ஒன்று: நண்பர் குடும்பத்தோடு பயணம் புறப்படுமுன், எதற்காகச் செல்கிறோம் என்பதை மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். செலவு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றைப் பேசும் நாம் இதைப் பேசுவதில்லை. பல மனத்தாங்கல்கள் இங்கேதான் முளைக்கின்றன.

இரண்டு: குழந்தையின் நண்பகல் உறக்கத்தை எக்காரணம் கொண்டும் களவாடாதீர்கள். காலை நேரத்தில் மூன்று மணி, மாலையில் மனமிருந்தால் இரண்டு மணி. அதுவே தளர்நடைக் குழந்தைக்குப் போதும்.

மூன்று: இருளும் இடியோசையும் உள்ள காட்சிக்குப் பெரியவர் ஒருவர் முதலில் சென்று பார்த்து வரட்டும். அனுமதி உண்டு என்பதும் ஏற்றது என்பதும் ஒன்றல்ல. "பயப்படாதே" என்று சொல்வதினும், பயந்த பிள்ளையை வெளியே தூக்கி வருவதே மேல்.

நான்கு: குடிநீரும் பழகிய உணவும் கையோடு இருக்கட்டும். அந்தப் பூங்காவில் சிற்றுண்டி கொண்டு செல்லத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் ஆகா. கூட்டத்தில் பிரிய நேர்ந்தால் உதவும்படி, பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் குழந்தையின் உடையில் எழுதி வையுங்கள்.

ஐந்து: குழந்தை எங்கே நின்று மகிழ்கிறதோ அங்கே நில்லுங்கள். அது படகுத் துறையாயினும் சரி, எறும்பு வரிசையாயினும் சரி.

அமெரிக்கா வரை செல்வோர்க்கு மட்டும் இது உரியதன்று. நம் பங்குத் திருவிழாவின் கடைத்தெருவிலும் குடை இராட்டினம் சுழல்கிறது. பிள்ளையை ஏற்றிவிட்டு, கைப்பேசியில் கண் புதைத்து நிற்கும் தந்தையர் அங்கும் உண்டு. குழந்தை ஒவ்வொரு சுற்றிலும் தன் தந்தையின் முகத்தைத் தேடுகிறது. தேடும் காலமோ மிகக் குறுகியது.

ஊர் திரும்பிய சில வாரங்களில் நண்பரிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை தோறும் மகனும் பேரனும் அவருடன் அருகிலுள்ள ஏரிக்கரைக்குச் செல்கிறார்களாம். அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை.